மெயில்மேன் 2 இலிருந்து 3க்கு: நம் மடலாடற்குழுக்களைப் புதிய வழங்கிக்கு மாற்றும் திட்டம் குறித்துக் கருத்துகள் தேவை

1. வழங்கிப் பொறுப்பாளர்

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் அமைப்பின் மடலாடற்குழுக்கள் அனைத்தும், செயற்குழுவின் மூடிய குழு உட்பட, இன்றளவும் மெயில்மேன் என்ற மடலாடற்குழு மென்பொருளின் 2.1 பதிப்பில்தான் இயங்கி வருகின்றன. அந்தப் பதிப்பு பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துபோனது. 2021இல் வெளிவந்த டெபியன் 11 என்ற இயங்குதளம், மெயில்மேன் 2 பொதியையே கைவிட்டுவிட்டது. ஆகவே பழைய மென்பொருளுக்காகப் பழைய இயங்குதளத்தையும், அதற்காகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு வழங்கியையும் நாம் கட்டிக்காத்து வருகிறோம். இதைத் தொடர இயலாது என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இல்லை.

என் முன்மொழிவில் டொமைன் பெயரும் குழு முகவரிகளும் மாறவில்லை. புதிய வழங்கியில் மெயில்மேன் 3 நிறுவப்படும். அதில் மடல்களைப் பெற்றுப் பகிரும் மைய நிரல், நிர்வாகப் பக்கங்களுக்கான போஸ்டோரியஸ், காப்பகத்துக்கான ஹைப்பர்கிட்டி என்று தனித்தனிப் பகுதிகள் உள்ளன. குழுவின் பழைய அமைப்புக் கோப்பைக் கொடுத்தால், யார் உறுப்பினர், யார் பல மடல்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு மடல் பெறுபவர், யார் மடல் வரவை நிறுத்தி வைத்திருப்பவர் என்பது வரை எடுத்துக்கொள்ளும் கருவி மென்பொருளுடனேயே வருகிறது. காப்பகத்தை மட்டும், பழைய மடல்கள் அனைத்தும் அடங்கிய எம்பாக்ஸ் கோப்பிலிருந்து தனியாக ஏற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது என் கணிப்பு. இதில் உள்ள குறைகளை இங்கே சுட்டிக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. பொருளாளர்

புதிய வழங்கிக்கு ஆண்டுதோறும் வாடகை கட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலரும் எப்போதும் வேண்டும். கூகுள் குழுக்கள் இலவசமாக இருக்கும்போது நாம் ஏன் இந்தச் சுமையைத் தூக்க வேண்டும் என்று செயற்குழுவில் இருவர் கேட்டனர். அவர்களுக்கு என்ன விடை சொல்வது?

3. மூத்த மட்டுறுத்துநர்

பொருளாளர் அவர்களுக்கு வணக்கம். யாஹூ குழுமங்களை நினைவூட்டினால் போதும் என்று கருதுகிறேன். தமிழ் இணையத்தின் தொடக்கக் கால உரையாடல்களில் பெரும்பங்கு அங்கேதான் நடந்தது. 2019 அக்டோபரில் மூடும் அறிவிப்பு வந்தது. அதே மாதத்தில் புதியவற்றை ஏற்றும் வசதி நின்றது. அடுத்த சில மாதங்களில் பழைய மடல்களும் கோப்புகளும் தளத்திலிருந்து அகற்றப்பட்டன. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே இல்லாமல் போயிற்று. அறிவிப்பு முறையாகத்தான் வந்தது. ஆனால் பல குழுமங்களின் உரிமையாளர்கள் அந்த அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்த்தே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூகுளும் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாதாரணக் கூகுள் கணக்கில் தொடங்கும் குழுவில் நம் பழைய எம்பாக்ஸ் தொகுப்பை ஏற்ற வழி கிடையாது. கட்டண வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்குத்தான் அதற்கென ஓர் இடைமுகம் உண்டு. ஆகவே இலவசம் என்பது காப்பகத்தைக் கைவிடத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே இலவசம்.

4. அஞ்சல் நிர்வாகி

நான் வேறோர் அமைப்பில் அஞ்சல் வழங்கிகளைப் பராமரிப்பவன். மென்பொருள் தேர்வில் எனக்கு மறுப்பில்லை. ஞாயிறு மாலைக்குள் முடிந்துவிடும் என்ற கணிப்பைத்தான் ஏற்க முடியவில்லை. மென்பொருள் நிறுவுவது அதற்குள் முடியும். ஆனால் புதிய ஐபி முகவரியிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கான மடல்கள் புறப்படும்போது, ஜிமெயிலும் அவுட்லுக்கும் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

இரண்டு செய்திகளை முதலில் கவனத்தில் கொள்ள வேண்டும். வாடகை வழங்கிகளின் ஐபி முகவரிகள் ஒருவர் விட்டு இன்னொருவருக்குப் போகும். முன்பு வைத்திருந்தவர் எரிதங்களை (ஸ்பாம்) அனுப்பியிருந்தால் அந்த முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்களில் இன்னும் இருக்கக்கூடும். வழங்கியை வாங்கிய அன்றே அதைச் சோதித்து, சரியில்லை என்றால் வேறு முகவரி கேட்டுவிட வேண்டும். அஞ்சல் வெளியே செல்லும் வாயிலான 25ஆம் துறையை (போர்ட்) வழங்கிகளை வாடகைக்கு விடும் பல நிறுவனங்கள் இயல்பாக மூடியே வைத்திருக்கும். அதைத் திறக்கத் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஐபி முகவரியிலிருந்து வழங்கியின் பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவும், நம் டொமைன் பெயரில் எந்த வழங்கிகள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய முகவரியைச் சேர்ப்பதும், மடல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகிம் கையொப்பமும் மடலோட்டம் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தன் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5000 அல்லது அதற்கு மேற்பட்ட மடல்கள் அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், இவற்றில் தேறாத மடலை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் அறிவிக்கும் டிமார்க் ஆகிய மூன்றையும் கேட்கிறது. எரிதம் என்று புகாரளிக்கப்படும் விகிதமும் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்கிறது. நாமோ சிறிய அமைப்பு என்று எண்ண வேண்டாம். ஒரு குழுவில் ஜிமெயில் முகவரி உடைய உறுப்பினர்கள் ஆயிரம் பேர் இருந்து, ஒரு நாளில் ஐந்து மடல்கள் வந்தாலே அந்த எண்ணிக்கையை எட்டிவிடும்.

இனி நான் உண்மையில் அஞ்சுவது. மெயில்மேனில், உறுப்பினரின் அஞ்சல் வழங்கி ஏற்க மறுத்துத் திரும்பி வரும் மடல்களுக்கு அந்த உறுப்பினர் பெயரில் மதிப்பெண் போடும் முறை உண்டு. நிரந்தர மறுப்புக்கு ஒரு புள்ளி. ஒரு நாளில் எத்தனை மடல்கள் திரும்பினாலும் ஒரே ஒரு புள்ளி. இயல்பு வரம்பான 5ஐ எட்டியதும் அந்த உறுப்பினருக்கு மடல் அனுப்புவது தானாக நின்றுவிடும். இதன் பொருள் என்னவென்றால், மடல் வரத்து மிகுந்த குழுவில் ஒரு பெரிய அஞ்சல் நிறுவனம் நம் புதிய வழங்கியைத் தொடர்ந்து ஐந்து நாள் மறுத்தால், அந்த நிறுவனத்தின் முகவரி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒருசேர முடக்கப்படுவார்கள். அவர்களுக்கு அதைத் தெரிவிக்கும் மடலும் அதே மறுப்பில் சிக்கிக்கொள்ளும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை 'நிராகரி' என்று மாற்றியபோது உலகெங்கும் மடலாடற்குழுக்களில் இதுதான் நடந்தது. யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் எழுதினார். அந்த மடலை ஜிமெயில் நிராகரித்தது. மதிப்பெண் ஏறியது ஜிமெயில் உறுப்பினர்களுக்கு. எழுதியவருக்கு எந்தச் சேதமும் இல்லை.

எனவே முதல் சில வாரங்களுக்கு எல்லாக் குழுக்களிலும் இந்த மதிப்பெண் முறையை அணைத்துவைக்க வேண்டும். சிறிய குழுக்களை முதலில் மாற்றி, அஞ்சல் பதிவேடுகளை நாள்தோறும் பார்த்து, மறுப்புகள் இல்லை என்று உறுதியான பிறகே பெரிய குழுவைத் தொட வேண்டும்.

5. வழங்கிப் பொறுப்பாளர்

நன்றி ஐயா. ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே டொமைனில் இருக்கும்போது சிலவற்றை மட்டும் எப்படி முதலில் மாற்றுவது? மடல்கள் எந்த வழங்கிக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு டொமைன் முழுமைக்கும் ஒன்றுதானே?

6. அஞ்சல் நிர்வாகி

எம்எக்ஸ் பதிவைக் கடைசி வரை தொடவே வேண்டாம். மடல்கள் முன்போலவே பழைய வழங்கிக்கு வரட்டும். அங்குள்ள அஞ்சல் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின், எந்த மடலை எங்கே அனுப்புவது என்று குறிக்கும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில், மாற்றப்பட்ட குழுக்களின் முகவரிகளை மட்டும் எழுதி, அவற்றைப் புதிய வழங்கிக்குத் திருப்பிவிடலாம். விண்ணப்பம், விலகல், உரிமையாளர் ஆகியவற்றுக்கான துணை முகவரிகளையும் சேர்த்து எழுத மறக்க வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: புதிய வழங்கியின் பார்வையில் அந்த மடல்கள் எல்லாம் நம் பழைய வழங்கியிலிருந்து வருபவையாகத் தோன்றும்; அங்கே எஸ்பிஎஃப் சோதனை இயங்கினால் உறுப்பினர்களின் மடல்களே போலி என்று தள்ளப்படும். பழைய வழங்கியை நம்பத்தக்கது என்று அறிவித்து, சோதனையை முன்வாசலான பழைய வழங்கியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குழுக்களும் போய்ச் சேர்ந்த பிறகு, பிற வழங்கிகள் டிஎன்எஸ் பதிவை நினைவில் வைத்திருக்கும் காலமான அதன் ஆயுளை முன்கூட்டியே 300 விநாடிகளாகக் குறைத்துவிட்டு எம்எக்ஸை மாற்றினால் போதும்.

மேலும், மெயில்மேன் 2 ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி அதிகாலையில் கடவுச்சொல் நினைவூட்டலை எல்லாருக்கும் அனுப்பும். இடப்பெயர்வு மாத இறுதியைத் தாண்டினால், மாற்றப்பட்ட குழுவின் உறுப்பினர்களுக்கும் பழைய வழங்கி செல்லாத கடவுச்சொல்லை அனுப்பிக் குழப்பும். குறித்த நேரத்தில் தானாக இயங்கும் அந்தக் கிரான் பணியை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

7. திஸ்கிக் காலத்தவர்

அஞ்சலைப் பற்றிப் பேசிவிட்டோம். காப்பகத்தைப் பற்றி 'எம்பாக்ஸிலிருந்து தனியாக ஏற்ற வேண்டும்' என்ற ஒரு வரியோடு திட்டம் நகர்ந்துவிட்டது. நம் காப்பகத்தின் முதல் சில ஆண்டுகளை அண்மையில் யாரேனும் திறந்து பார்த்தீர்களா?

அவை யூனிகோடு மடல்கள் அல்ல. அன்று நாம் முரசு அஞ்சலிலும் பிற செயலிகளிலும் தட்டி, இணைமதி போன்ற எழுத்துருக்களை வைத்துப் படித்தவை. பெரும்பாலானவை யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறிமுறையான திஸ்கி, சிலவோ 1999 பிப்ரவரி சென்னை மாநாட்டுக்குப் பின் வந்த டாப் முறை. மடலின் குறிமுறையைச் சொல்லும் தலைப்பகுதி வரியில் திஸ்கி என்ற பெயரே இராது, ஏனென்றால் அந்தப் பெயர் இணையத்தில் குறிமுறைப் பெயர்களைப் பதிவுசெய்யும் ஐயானாவின் பட்டியலில் ஏறியதே 2007இல்தான். 'பயனர் வரையறுத்தது' என்றோ, மேற்கு ஐரோப்பிய ஐஎஸ்ஓ 8859-1 என்றோதான் அந்த மடல்கள் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. முதல் வகையைப் பைத்தானுக்குத் தெரியாது. இரண்டாம் வகையை அது நம்பிவிடும். நம்பிவிட்டால் மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாக அந்த மடல் தரவுத்தளத்தில் யூனிகோடாகவே போய் உட்கார்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. இந்த இரண்டாம் வகைதான் கூடுதல் ஆபத்து.

ஆகவே ஏற்றுவதற்கு முன் எம்பாக்ஸின் படியொன்றை எடுத்து, மடல் மடலாகக் குறிமுறையை மாற்ற வேண்டும். குனு சி நிரலகத்தோடு வரும் ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் திஸ்கியில் மெய்க்கு முன்னால் எழுதப்பட்டிருக்கும், அவற்றை யூனிகோடு முறைப்படி பின்னால் நகர்த்துவதையும் அதுவே செய்துவிடும். டாப் முறைக்கு அது உதவாது. தனி மாற்றி வேண்டும். எந்த மடல் எந்த முறை என்று கண்டறிய, இரண்டு வழியிலும் மாற்றிப் பார்த்து 'என்று', 'ஆனால்', 'வணக்கம்' போன்ற சொற்கள் எதில் கிடைக்கின்றன என்று எண்ணுவதே நான் கண்டவற்றுள் நம்பகமான வழி. திஸ்கியின் கீழ்ப்பாதி ஆஸ்கியே என்பதால் ஆங்கிலம் கலந்த மடல்களுக்குச் சேதம் வராது. சிக்கலானவை, யூனிகோடுக்கு மாறிய பிறகு எழுதப்பட்டு, பழைய திஸ்கி மடலை மேற்கோளாகச் சுமந்து நிற்கும் மடல்கள்தாம். ஒரே உடலில் இரண்டு குறிமுறைகள் இருக்கும். அவற்றைப் பொறி சரியாகப் பிரிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்திலிருந்து பிரித்துக்காட்டும் எட்டாவது பிட்டை வழியிலேயே இழந்து வந்த சில மடல்களை யாராலும் மீட்க முடியாது, அவற்றை விட்டுவிடலாம்.

மூல எம்பாக்ஸ் கோப்புகளை மட்டும், ஒரு பைட்டும் மாற்றாமல், இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள். இன்று நாம் செய்யும் மாற்றம் தவறு என்று பின்னால் வருபவருக்குத் தெரிந்தால் அவர் முதலிலிருந்து தொடங்க அது வேண்டும்.

8. நிரலாளர்

மேலே ஐயா சொன்னது முழுக்க உண்மை. யூனிகோடு மடல்களிலும் ஒரு சிக்கல் இருப்பதைச் சொல்ல விரும்புகிறேன்: தேடல்.

ஹைப்பர்கிட்டியோடு வழக்கமாக அமைக்கப்படும் தேடுபொறி ஊஷ். அது உரையைச் சொற்களாகப் பிரிக்கப் பைத்தானின் வழக்கமான சொல்லெழுத்து வரையறையைப் பயன்படுத்துகிறது. அந்த வரையறையில் தமிழ் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்துகளாகவே கணக்கில் வருவதில்லை. அவை வரும் இடத்தில் சொல் உடைந்துவிடும். 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இகரக் குறியிலும் புள்ளியிலும் உடைந்து 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளாகிறது. ஓரெழுத்துத் துண்டுகளைப் பொறி பொருட்படுத்தாததால் 'தம' மட்டுமே எஞ்சுகிறது. 'தம்பி'யும் அதேபோல 'தம' ஆகிவிடுகிறது. தமிழ் என்று தேடுபவருக்குத் தம்பி கிடைப்பது நகைச்சுவையாக இருக்கலாம். கால் நூற்றாண்டுத் தமிழ் உரையாடல்களைக் கொண்ட ஒரு காப்பகத்துக்கு அது நகைச்சுவை அல்ல.

சாபியன் என்ற மற்றொரு பொறியை ஹைப்பர்கிட்டியோடு இணைக்கலாம்; பெரிய காப்பகங்களுக்கு அதுவே பொருத்தமானது என்றும் சொல்லப்படுகிறது. அது இத்தகைய குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. நிறுவுவது சற்றுக் கடினம்; ஆனால் தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்துகொண்டால் பிறகு அட்டவணையை மறுபடி கட்டும் வேலை மிச்சமாகும்.

தரவுத்தளமாக மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி எடுப்பதாக இருந்தால் குறிமுறையாக நான்கு பைட் யூடிஎஃப்-8ஐத்தான் தேர வேண்டும். பழைய மூன்று பைட் வகையில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாக ஓடும். முதல் உணர்ச்சிக்குறி உள்ள மடல் வந்ததும் ஏற்றும் பணி நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

9. ஆய்வு மாணவர்

நான் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் என் ஆய்வேட்டில் இந்தக் காப்பகத்தின் மடல்களை அவற்றின் இணைய முகவரியோடு அடிக்குறிப்பில் சுட்டியிருக்கிறேன். வேறு சிலரும் சுட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆண்டும் மாதமும் ஆறிலக்க எண்ணும் கொண்ட அந்தப் பழைய முகவரிகள் மாற்றத்துக்குப் பிறகு என்ன ஆகும்?

10. நிரலாளர்

நல்ல கேள்வி. அந்த ஆறிலக்க எண், மெயில்மேன் 2இன் காப்பக நிரலான பைப்பர்மெயில் கட்டிய காப்பகத்தில் மடல் வந்த வரிசையைக் குறிப்பது. ஹைப்பர்கிட்டி வேறு முறையைப் பின்பற்றுகிறது: மடலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியிலிருந்து கணக்கிடப்பட்ட 32 எழுத்துகள் கொண்ட சரமே அங்கே முகவரி. அந்த முறை உண்மையில் மேலானது. மடலின் அடையாளம் மாறாதவரை, எத்தனை முறை காப்பகத்தை மறுபடி ஏற்றினாலும் அதே மடலுக்கு அதே முகவரி கிடைக்கும். பைப்பர்மெயிலிலோ நடுவில் ஒரு எரிதத்தை நீக்கிவிட்டுக் காப்பகத்தை மீளக் கட்டினால் அதற்குப் பின்னுள்ள எண்கள் அனைத்தும் நகர்ந்துவிடும்.

ஆனால் பழைய முகவரி தானாகப் புதியதற்கு மாறாது. விக்கிமீடியா 2021இல் தன் குழுக்களை மெயில்மேன் 3க்கு மாற்றியபோது பழைய பைப்பர்மெயில் பக்கங்களை அப்படியே விட்டுவைத்தது. நாமும் அதையே செய்யலாம். அவை வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். பைத்தானும் வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். புதிய வழங்கியில் அதே பாதையில் வைத்துவிட்டால் எந்த அடிக்குறிப்பும் உடையாது.

11. திஸ்கிக் காலத்தவர்

அந்தப் பக்கங்களும் திஸ்கியில்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். எழுத்துக்குறிமுறையைக் கையால் மாற்றிப் படிக்கும் வசதியை இன்றைய உலாவிகள் பெரும்பாலும் எடுத்துவிட்டன. முகவரி உடையாது, படிக்கத்தான் முடியாது. மாற்றிய பக்கங்களை அதே முகவரிகளில் வைத்துவிட்டு, மூலப் பக்கங்களை ஒரு பொதியாகப் பதிவிறக்கத்துக்குத் தரலாம் என்பது என் எண்ணம்.

12. அஞ்சல் நிர்வாகி

இவ்வளவையும் படித்த பிறகு ஒன்று தெளிவாகிறது. மடலோட்டத்தை மாற்றுவதும் காப்பகத்தை மாற்றுவதும் இருவேறு வேலைகள். அவற்றை ஒரே இரவில் கட்டிப்போட்டதுதான் திட்டத்தின் குறை. மடலோட்டத்தில் சிக்கல் வந்தால் அட்டவணையில் ஒரு வரியை நீக்கி, சில நிமிடங்களில் பழைய வழங்கிக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அதை நீண்ட நாள் தள்ளிப்போட முடியாது, வழங்கியின் பாதுகாப்பு அப்படி. காப்பகமோ நேர் எதிர். அதற்கு அவசரமே இல்லை. தவறாக ஏற்றிவிட்டால் கண்டுபிடிக்கத்தான் ஆண்டுகள் ஆகும். மடலோட்டம் முதலில் போகட்டும். குறிமுறை வேலை எவ்வளவு மாதம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

13. வழங்கிப் பொறுப்பாளர்

இதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஹைப்பர்கிட்டியின் ஏற்றும் கருவி, காப்பகத்தில் ஏற்கெனவே மடல்கள் இருந்தால் அவற்றுள் கடைசி மடலின் தேதிக்குப் பிந்தியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். புதிய மடல்கள் சேரத் தொடங்கிவிட்டால் 1990களின் மடல்களை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுமே? அதனால்தான் காப்பகம் முதலில் என்று திட்டமிட்டேன்.

14. நிரலாளர்

அது இயல்பு நடத்தை மட்டுமே. எந்தத் தேதியிலிருந்து எடுக்க வேண்டும் என்று கட்டளையிலேயே குறிப்பிடலாம். நம் முதல் மடலுக்கு முந்தைய ஒரு தேதியைக் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். தேதியைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அனுப்பியவரின் கணினிக் கடிகாரம் தவறாக இருந்ததால் 1970 என்றோ, இன்னும் வராத ஆண்டு என்றோ தேதியிட்ட மடல்கள் பழைய எம்பாக்ஸ் எதிலும் சில இருக்கும். ஏற்றும் முன் அவற்றைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

15. மூத்த மட்டுறுத்துநர்

மட்டுறுத்துநர்கள் சார்பில் சில செய்திகள். நிறுத்திவைக்கப்பட்ட மடல்களும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்களும் புதிய இடத்துக்கு வரும் என்று நம்பி இருக்க வேண்டாம். மாற்றும் நாளுக்கு முன் ஒவ்வொருவரும் தம் குழுவின் நிலுவையைத் தீர்த்துவிட வேண்டும். சேர்ந்துகிடக்கும் தொகுப்பு மடல்களையும் அன்றே அனுப்பிவிடுவது முறை.

கடவுச்சொற்கள் புதிய இடத்துக்கு வாரா. மெயில்மேன் 3இல் உறுப்பினர் தம் பழைய மின்னஞ்சல் முகவரியிலேயே ஒரு கணக்கு தொடங்கி அதை உறுதிசெய்தால், அந்த முகவரிக்குரிய உறுப்பினர் நிலை தானாக அவர் கணக்கில் தெரியும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. பழைய முறையில் ஒரு குழுவுக்கு ஒரு நிர்வாகக் கடவுச்சொல். பொறுப்பிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் ஆனவர்களிடமும் அது இருக்கிறது, மாற்றினால் இப்போதைய பொறுப்பாளர்கள் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதே தெரியாது. இனி யார் பொறுப்பாளர் என்பது முகவரியைக் கொண்டு தெளிவாக இருக்கும்.

தலைப்பு வரியில் அடைப்புக்குறிக்குள் வரும் குழுப்பெயரை எடுத்துவிடப் போவதாக ஒரு பேச்சு காதில் விழுந்தது. அதைக் கடுமையாக எதிர்க்கிறேன். மூத்த உறுப்பினர்கள் பலர் அதைப் பார்த்துத்தான் குழு மடல் எது, தனி மடல் எது என்று அறிகிறார்கள்.

16. அஞ்சல் நிர்வாகி

அந்தப் பேச்சுக்கு நான்தான் காரணம், ஐயா. தலைப்பில் குழுப்பெயரையும் மடலின் அடியில் அறிவிப்பையும் சேர்த்தால், அனுப்பியவரின் டிகிம் கையொப்பம் செல்லாததாகிவிடும். அதனால் டிமார்க் கொள்கை கடுமையாக உள்ள முகவரியிலிருந்து வரும் மடலை அனுப்புநர் வரியை மாற்றி எழுதித்தான் பகிர முடியும். 'இன்னார், குழு வழியாக' என்று வருவது அதனால்தான். லினக்ஸ் கருநிரல் குழுக்கள் போல மடலில் எதையுமே தொடாமல் அனுப்பினால் கையொப்பம் நிலைத்து நிற்கும், அனுப்புநர் பெயரும் அப்படியே இருக்கும். தொழில்நுட்ப நோக்கில் எனக்கு அதுவே விருப்பம்.

எனினும் உறுப்பினர்களின் பழக்கத்தை மாற்ற இது தருணமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் வழங்கியும் மாறி, மடலின் தோற்றமும் மாறினால், எது எதனால் வந்த சிக்கல் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இப்போதைக்குக் குழுப்பெயர் இருக்கட்டும்; கடுமையான கொள்கை உள்ள முகவரிகளுக்கு மட்டும் அனுப்புநர் வரியை மாற்றும்படி அமைப்போம். அஞ்சல் செயலியில் வடிகட்டி வைத்திருப்பவர்கள் தலைப்பை விட்டுவிட்டு, குழுவின் அடையாளத்தைத் தாங்கும் லிஸ்ட்-ஐடி வரியை வைத்து வடிகட்டும்படி இப்போதே பழகிக்கொள்ளலாம். டொமைன் மாறாததால் அது மாறப்போவதில்லை.

17. உறுப்பினர்

செயற்குழு, நல்கைத் தேர்வுக் குழு போன்ற மூடிய குழுக்களின் மடல்கள் ஒரு நொடிகூட வெளியே தெரிந்துவிடக் கூடாது. பழைய முறையில் அவை கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தன. புதியதில் அதற்கு என்ன உறுதி? மேலும், முன்னொரு காலத்தில் தன் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் மடலில் இட்ட ஒருவர் இன்று நீக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்?

18. வழங்கிப் பொறுப்பாளர்

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தைத் திருத்தி எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் செயற்குழுக் கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள்.

மடலோட்டம் முதலில் மாறும். புதிய ஐபி முகவரியின் நிலை, 25ஆம் துறை, தலைகீழ் டிஎன்எஸ், எஸ்பிஎஃப், டிகிம் ஆகியவை சரிபார்க்கப்பட்ட பிறகு தொழில்நுட்பக் குழுவின் சொந்த மடலாடற்குழுவே முதலில் போகும். பொதுக் குழு கடைசியில். திரும்பும் மடல்களுக்கான மதிப்பெண் முறை எல்லாவற்றிலும் அணைத்தே இருக்கும். அதை மறுபடி எப்போது இயக்குவது என்பதை அஞ்சல் நிர்வாகி பதிவேடுகளைப் பார்த்துச் சொல்வார். பழைய வழங்கி எம்எக்ஸ் மாறிய பிறகும் சில வாரங்களுக்கு மடல்களைத் திருப்பிவிடும் வேலையை மட்டும் செய்துகொண்டிருக்கும்.

பைப்பர்மெயில் பக்கங்கள் இப்போதுள்ளபடியே, இப்போதுள்ள முகவரிகளிலேயே, புதிய வழங்கிக்கு நகலெடுக்கப்படும். திஸ்கிக் காலத்தவர் ஐயாவும் நிரலாளரும் எம்பாக்ஸின் படியில் குறிமுறை மாற்றத்தைச் செய்வார்கள். அது முடிந்து, ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் சில மடல்களை அந்தக் காலத்து உறுப்பினர்கள் படித்துப் பார்த்து ஒப்பிய பிறகே ஹைப்பர்கிட்டியில் ஏற்றப்படும். தேடலுக்குச் சாபியன், தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ்.

மூடிய குழுக்களைப் பொறுத்தவரை, குழுவை முதலில் உருவாக்கி, அதன் காப்பகக் கொள்கை 'தனி' என்று இருப்பதை இரண்டு பேர் சரிபார்த்து, உள்நுழையாத உலாவியில் திறந்து பார்த்து மறுக்கப்படுவதை உறுதிசெய்த பின்னரே ஒரு மடலாவது ஏற்றப்படும். மூடிய குழுக்களின் பைப்பர்மெயில் பக்கங்கள் நகலெடுக்கப்படமாட்டா. அவற்றுக்குக் கடவுச்சொல் காவலாக இருந்தது மெயில்மேன் 2 நிரலே அன்றி, வெறும் கோப்புகளுக்கு அந்தக் காவல் இராது. நீக்கக் கோரிக்கை வந்தால் ஹைப்பர்கிட்டியிலும், பைப்பர்மெயிலின் நிலைத்த பக்கத்திலும், மூலப் பக்கங்களின் பதிவிறக்கப் பொதியிலும் அந்த வரியை மறைப்போம். நிலைத்த பக்கத்தில் கையால் திருத்த வேண்டுமே தவிரக் காப்பகத்தை மீளக் கட்டக்கூடாது. மூல எம்பாக்ஸ் பொதுவெளியில் வைக்கப்படமாட்டாது.

19. பொருளாளர்

செயற்குழுவிடம் சொல்ல எனக்கு இது போதும். வாடகைக்கான தொகையை ஒதுக்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டாவது நகலை வைக்க வேண்டிய சேமிப்பிடத்துக்கும் சேர்த்து மதிப்பீடு கொடுங்கள்.

20. மூத்த மட்டுறுத்துநர்

தொழில்நுட்பக் குழுவின் சோதனை மடலாடற்குழுவுக்கு எழுதிப் பார்த்தேன். மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள்; எனக்கு மட்டும் என் மடல் திரும்ப வரவில்லை. என் உறுப்பினர் அமைப்பில் ஏதேனும் விடுபட்டுவிட்டதா?

21. அஞ்சல் நிர்வாகி

நீங்கள் ஜிமெயிலில் இருக்கிறீர்கள், ஐயா. நாம் அனுப்பிய மடல் குழு வழியாகத் திரும்பி வரும்போது, அதே மெசேஜ்-ஐடி 'அனுப்பியவை'யில் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு ஜிமெயில் அதைத் தனியாகக் காட்டுவதில்லை. பழைய வழங்கியிலும் இப்படித்தான் இருந்தது. இப்போது எல்லாரும் கூர்ந்து கவனிப்பதால் தெரிகிறது. மடல் குழுவை அடைந்ததா என்பதைக் காப்பகத்தில் பார்த்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் மடல் ஏற்கப்பட்டதும் ஒப்புகை அனுப்பும்படி உறுப்பினர் அமைப்பில் தேர்ந்துகொள்ளலாம். பொதுக் குழுவை மாற்றும் நாளில் இதே கேள்வி பலரிடமிருந்து வரும்; அறிவிப்பு மடலிலேயே இதற்கு ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.